குண்டு விழுந்த தூரம்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடலூர்ப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்துத் தம்பி எழுதியிருக்கிறார், கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாராம். அவர்கள் கரையில் சுருக்குமடி வலையை (மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் பெரிய வலை) வைத்துப் பல வருடமாகச் சண்டை. இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள். நேரடியாக எழுதினால் ஊரில் இருக்க முடியாது என்பதால், எல்லாவற்றையும் வேறொரு கோளுக்குத் தூக்கிக்கொண்டு போய் அறிவியல் புனைகதையாக எழுதிக்கொண்டிருக்கிறார். கதையில் பெரிய வலைக்காரர்கள் இயந்திர மனிதர்கள், சின்ன வலைக்காரர்கள் நீலத் தோல் கொண்ட பழங்குடிகள். அவருடைய நண்பர், “பேரை மாத்தி எழுதுறதெல்லாம் பயந்தாங்கொள்ளி வேலை” என்கிறாராம். தம்பி கேட்பது மூன்று: இப்படி எழுதலாமா, எழுதுவதென்றால் எப்படி, ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்களா?

எழுதலாம். ஆனால் அந்த இயந்திர மனிதர்களையும் நீலத் தோலையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன், பதில் கொஞ்சம் நீளும்.

பயந்தாங்கொள்ளி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். குழாயடியில் நின்று வளர்ந்தவர்களுக்குச் சாடை என்றால் என்னவென்று தெரியும். எதிர் வீட்டுக்காரியைத் திட்ட வேண்டுமானால் தன் வீட்டுக் கோழியைத் திட்டுவார்கள். “தீனி இங்க, முட்டை அங்கயா?” என்று கோழிக்கு விழுகிற திட்டு யாருக்கு என்பது தெரு முழுக்கத் தெரியும். எதிர் வீட்டுக்காரி சண்டைக்கு வந்தால், “நான் என் கோழியைத்தானே சொன்னேன், உனக்கு ஏன் சுடுது?” என்று கேட்டுவிடலாம். இதில் பயம் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நேரடித் திட்டுக்கு இல்லாத ஒரு கூர்மையும் உண்டு. கேட்பவள் “அது நான்தான்” என்று தானே ஒப்புக்கொண்டால்தான் அவளால் கோபப்படவே முடியும். அந்த ஒப்புதலை வாங்குவதுதான் இந்த வகை எழுத்தின் வேலை.

இதற்கு நம் இலக்கணத்தில் பெயரே இருக்கிறது, பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள்: பிறிதுமொழிதல் அணி. சொல்ல வந்ததை விட்டுவிட்டு உவமையை மட்டும் சொல்லி நிறுத்துவது. மயில்தோகைதானே என்று அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்கிறது வலியறிதல் அதிகாரத்துக் குறள். அதில் அரசனும் இல்லை, படையும் இல்லை, ஒரு வண்டியும் கொஞ்சம் தோகையும்தான். எளியவர்கள்தானே என்று பலரோடு பகை வளர்ப்பவனைப் பற்றியது என்பதை உரைகாரர்தான் எடுத்துச் சொல்கிறார்.

மேடையிலும் இது நடந்திருக்கிறது. நாடக நடிகர் விசுவநாததாஸ் முருகன் வேடத்தில் வந்து, வள்ளியின் தினைப்புனத்தில் மேய வந்த வெள்ளைக் கொக்கை விரட்டச் சொல்லிப் பாடுவார். தினைப்புனத்தில் பறவை ஓட்டுவது வள்ளி திருமணத்தில் எப்போதும் இருக்கிற காட்சிதான். கொக்கின் நிறம் மட்டும் அந்தக் காலத்துக்கு வேறு அர்த்தம் தந்தது. பலமுறை கைதானார். 1940 டிசம்பர் 31 அன்று, முருகன் வேடத்திலேயே, மேடையிலேயே உயிர் போனது. அவரைப் பயந்தாங்கொள்ளி என்று உங்கள் நண்பர் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

எங்கள் புதுச்சேரிக்கு வந்தால் பாரதி. 1908-இல் ஆங்கிலேயர் கையிலிருந்து தப்பிப் பிரெஞ்சு எல்லைக்குள் வந்தவர், பாஞ்சாலியின் சபதத்தை இங்கே இருந்துதான் எழுதினார். முதல் பாகம் 1912-இல் வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் பாரதக் கதை. சபையில் இழுத்து வரப்பட்ட பெண் யார், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர்கள் யார் என்று அன்றைக்குப் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவை இருக்கவில்லை. இங்கே வந்து பத்து வருடம் கழித்து 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே கைது, சில வாரம் கடலூர்ச் சிறை. இன்றைக்கு நீங்கள் பேருந்தில் எல்லையிலிருக்கும் முள்ளோடையைக் கடக்கும்போது போலீஸ்காரர் பையில் பாட்டில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அன்றைக்கு அதே வழியில் ஆளையே பார்த்தார்கள்.

சரி, இதுவரை சொன்னது சாடை. அறிவியல் புனைகதை இதற்கு மேலே ஒன்று செய்கிறது. அது பிடிபடாததால்தான் நம் ஆட்கள் எழுதும் உருவகக் கதைகளில் பாதி, குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி ஆகிவிடுகிறது. கொக்கு என்றால் வெள்ளைக்காரன் என்று கண்டுபிடித்த உடனே பாட்டின் புதிர் தீர்ந்துவிடும். (பாட்டு இனிமையாக இருப்பதால் திரும்பக் கேட்போம், அது வேறு.) நல்ல அறிவியல் புனைகதையில் புதிர் தீர்ந்த பிறகும் கதை ஓடிக்கொண்டே இருக்கும். ஏனென்றால் அங்கே ஆசிரியர் ஆளை மாற்றி வைப்பதோடு நிற்பதில்லை. சண்டைக்குள் ஓடும் ஒரு விதியைப் பிடித்து வெளியே எடுத்து, அதைத் தன் உலகத்தின் இயற்கை விதியாகவே ஆக்கிவிடுகிறார்.

உங்கள் மாவட்டத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். 1690-இல் ஆங்கிலக் கம்பெனி, செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியது. அதுதான் பிறகு புனித டேவிட் கோட்டை. சென்னையில் அப்போது கவர்னர் எலைஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதை எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டார்கள். நாலாபுறமும் குண்டு போய் விழுந்த தூரம் வரை கம்பெனி நிலம். உள்ளே அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது.

காலையில் வரப்பில் நிற்கிறான் ஒருவன். தலைக்கு மேல் ஏதோ விர்ரென்று போகிறது, இரண்டு வயல் தள்ளி மண் தெறிக்கிறது. யாரும் அவனிடம் வந்து பேசவில்லை, ஓலை நீட்டவில்லை. ஆனால் அந்த நொடியில் அவன் வேறொரு அரசின் குடி ஆகிவிட்டான். குண்டு விழுந்த இடத்துக்கு அப்பால் இருக்கும் வயல்காரனின் நிலம் குண்டுக்கு எட்டவில்லை, அவன் பழைய அரசின் குடி. இது வேற்றுக் கோள் கதை இல்லாமல் வேறென்ன? இதில் எலைஹு யேலுக்கு இரண்டு கொம்பு வைத்து ‘யேலக்ஸ்’ என்று பெயர் மாற்றினால் அது சாடை. ‘ஆயுதம் எட்டும் தூரம்தான் சட்டம் எட்டும் தூரம்’ என்பதை ஒரு கோளின் விதியாக வைத்துக்கொண்டு, புதுப் பீரங்கி ஒன்று இன்னும் நூறு அடி அதிகமாகச் சுடும் என்ற செய்தி வந்த இரவு, எல்லையோரத்து வீடு ஒன்றில் என்ன நடக்கும் என்று எழுதினால், அது அறிவியல் புனைகதை. அதைப் படிக்கிறவர் கடலூரையும் நினைக்கலாம், இன்றைய உலகத்தில் எந்த எல்லையையும் நினைக்கலாம்.

இந்த வகைக்கு வழி போட்டவர்களில் ஒருவர் எச். ஜி. வெல்ஸ். 1898-இல் நூலாக வந்த அவருடைய செவ்வாய்க் கோள் படையெடுப்புக் கதையின் முதல் அத்தியாயத்திலேயே விஷயத்தை உடைத்துவிடுகிறார்: செவ்வாய்க்காரர்களைக் கொடியவர்கள் என்று சொல்லும் முன் நாம் ஆஸ்திரேலியாப் பக்கத்து டாஸ்மேனியாத் தீவின் மக்களுக்கு என்ன செய்தோம் என்று நினைத்துப் பாருங்கள் என்கிறார். அவர் பிடித்த விதி எளிமையானது. ஆயுத வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டினால் அதற்குப் பிறகு நடப்பது போரே இல்லை. அதை லண்டன்காரனின் தலையில் இறக்கினார். குடியேற்ற நாடுகளில் நடந்ததைப் பத்திரிகையில் படித்துக் கொட்டாவி விட்டவன், தன் தெருவிலேயே அது நடக்கும்போது ஓடுகிறான்.

ஆனால் ஒரு தப்பும் அதே பக்கத்தில் இருக்கிறது. டாஸ்மேனியா மக்கள் அடியோடு இல்லாமல் போய்விட்டார்கள் என்று எழுதிவிட்டார். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள், ‘நாங்கள் அழிந்துவிடவில்லை’ என்று சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோகிறார்கள். அவர்களுக்காகப் பரிந்து பேச வந்த புத்தகமே அவர்களை இல்லாமல் ஆக்கிவிட்டது. பாதிக்கப்பட்டவரை உவமையாக மட்டும் பயன்படுத்தும்போது இது நடக்கும். உங்கள் நீலத் தோல்காரர்களை எடுக்கச் சொன்னதற்கு இது முதல் காரணம்.

இன்னொன்றும் கடலூரிலிருந்தே. 1783 ஜூனில் கடலூர் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருக்கிறது, ஆங்கிலேயர் முற்றுகை இட்டிருக்கிறார்கள். ஜூன் 13 தரையில் பெரிய சண்டை. ஜூன் 20 கடலில், சுஃப்ரென் தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள் 15, ஹியூஸ் தலைமையில் ஆங்கிலக் கப்பல்கள் 18. ஜூன் 25 கோட்டைக்குள்ளிருந்து பிரெஞ்சுப் படை வெளியே வந்து இன்னொரு தாக்குதல். இரண்டு பக்கமும் நம் சிப்பாய்களும் செத்தார்கள். ஆனால் இரண்டு நாட்டுக்கும் சமாதானம் என்று வெர்சாயில் அதே வருடம் ஜனவரி 20 அன்றே கையெழுத்தாகிவிட்டது. கடற்சண்டைக்கு மிகச் சரியாக ஐந்து மாதம் முன்னால்! செய்தியோடு கப்பல் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஜூன் கடைசியில் அது வந்த பிறகு சண்டையை நிறுத்தினார்கள். வெள்ளி கடற்கரையில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு கடலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். முடிந்துபோன போரில் சாவது.

இதை அப்படியே விண்வெளிக்குக் கொண்டுபோனால் ஜோ ஹால்ட்மேன் எழுதிய ‘தி ஃபாரெவர் வார்’ பக்கத்தில் போய் நிற்போம். 1974-இல் வந்தது. அவர் வியட்நாமில் காயம்பட்டுத் திரும்பியவர். கதையில் வீரர்கள் ஒளியின் வேகத்தை ஒட்டிப் பயணம் செய்கிறார்கள், அதனால் அவர்களுக்குச் சில மாதம் கழியும்போது பூமியில் பல வருடங்கள் கழிந்துவிடுகின்றன. ஊருக்குத் திரும்பினால் ஊர் இல்லை. பேச்சு மாறியிருக்கிறது, அம்மா கிழவியாகியிருக்கிறாள். வியட்நாம் என்ற பெயரைச் சொன்னால் கதை கேட்க வராதவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைத்தார். போருக்குப் போனவனுக்கும் வீட்டில் இருந்தவனுக்கும் காலம் ஒன்றாக ஓடுவதில்லை என்பது ஒரு சிப்பாயின் மனக்குறை. ஐன்ஸ்டீனின் சார்பியல் அதை நிஜமாகவே நடத்திக்காட்டுகிறது. உவமையும் இயற்பியலும் ஒன்றாகிவிட்டது. இப்படிப் பொருந்துவது அபூர்வம், எல்லாருக்கும் கிடைக்காது.

வியட்நாம் என்றதும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஞாபகம். புதுச்சேரியில் ‘சொல்தா’ குடும்பம் என்றால் எல்லாருக்கும் தெரியும். பிரெஞ்சுப் படையில் இருந்து, வியட்நாம் இருக்கும் இந்தோசீனா வரை போய், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கியவர்கள். அப்படி ஒரு பெரியவர் எங்கள் தெருவில் இருந்தார். ஒரு சாயங்காலம் அவருக்கு ஸ்டார் டிரெக் தொடரில் 1968 பிப்ரவரியில் ஒளிபரப்பான ஒரு கதையைச் சொன்னேன். வியட்நாமில் டெட் என்ற பெரும் தாக்குதல் நடந்துகொண்டிருந்த அதே நாட்கள். வில்லும் அம்பும் மட்டும் தெரிந்த ஒரு கோளில் எதிரி வல்லரசு ஒரு கூட்டத்துக்கு மட்டும் துப்பாக்கி கொடுக்கிறது. நம் கதாநாயகன் யோசித்து யோசித்து, சரிசமமாக இருக்கட்டும் என்று மற்றக் கூட்டத்துக்கும் அதே துப்பாக்கியைக் கொடுக்கிறான். பெரியவர் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்: “அதெல்லாம் சரி தம்பி, அந்தக் கிரகத்துல மருந்து தீர்ந்துபோனா யாருகிட்ட போய் வாங்குவான்?”

அந்தக் கதையை எழுதியவர்கள் தொடாமல் விட்ட விதி இது. ‘சமநிலை’ என்பது படம் வரைந்து விளக்குகிறவனின் வார்த்தை. வெடிமருந்து எங்கே கிடைக்கும் என்பது தோளில் துப்பாக்கி மாட்டியவனின் கேள்வி. உங்களிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்கக்கூடிய ஆட்கள் ஊர் நிறைய இருக்கிறார்கள். வெல்ஸுக்கு அந்த வசதி இல்லை.

உங்களுக்கு நெருக்கமான இன்னொரு உதாரணம், காட்ஸில்லா. அது பல்லி படம் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். மூலம் ஒரு மீன்பிடிப் படகு. 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நீரகக் குண்டு ஒன்றை வெடித்துச் சோதித்தது. தூரத்தில் சூரை பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் வெள்ளையாகச் சாம்பல் கொட்டியது. படகில் 23 பேர். கரைக்கு வந்தபோது எல்லாருக்கும் உடம்பு சரியில்லை. வானொலி இயக்குபவர் செப்டம்பரில் இறந்தார். படம் நவம்பர் 3 அன்று வெளியானது. தொடக்கக் காட்சியிலேயே கடலில் ஒரு வெளிச்சம், ஒரு கப்பல் எரிகிறது, கரையில் உறவினர்கள் அலுவலகத்து வாசலில் நின்று பெயர் கேட்கிறார்கள். அன்றைக்குத் திரையரங்கில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வெளிச்சம் என்னவென்று யாரும் சொல்லவில்லை.

இதே படத்தை 1956-இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது, ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர் பாத்திரத்தைப் புதிதாகப் படம்பிடித்து நடுவில் ஒட்டி, அணுகுண்டைப் பற்றிய பேச்சில் நிறையக் கத்திரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மிச்சம் இருந்தது பல்லிதான். யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதை மாற்றினால் அதே படம் வேறு படம்.

இப்போது என் கதை. 2009-இல், ஈழத்தில் போர் முடிந்த சில மாதத்தில், நானும் ஒன்று எழுதினேன். இரண்டு நிலாக்கள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்ன நிலாக்காரர்களின் மொழி தடை செய்யப்பட்டிருக்கிறது. ஒளிக்கற்றை ஆயுதம், சுற்றுப்பாதை முற்றுகை, எல்லாம் உண்டு. ஒவ்வொரு பாத்திரமும் யார் என்று செய்தித்தாள் படிக்கிற எவரும் சொல்லிவிடலாம், அதில் எனக்குப் பெருமை வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் நண்பர் வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வாசித்துக் காட்டினேன். முடித்ததும் எல்லாரும் மௌனம். உருகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முகாமில் இருந்து வந்திருந்த ஒரு பெண் மட்டும் தயங்கிக் கேட்டார்: “உங்கட கதையில ஒருத்தருக்கும் பசிக்கேல்லையே அண்ணை?”

முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்களில் கஞ்சிக்கு நின்ற வரிசையைப் பற்றி அவர் பேசினார். அவர் நின்றதில்லை, அக்கா நின்றிருக்கிறாள். வரிசையில் நிற்பதா, பதுங்குகுழியில் இருப்பதா என்று ஒவ்வொரு தடவையும் முடிவு செய்ய வேண்டியிருந்ததாம். என் இருபது பக்கத்தில் இருந்த ஒளிக்கற்றை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் முன்னால் தீபாவளி மத்தாப்பாகப் போனது. நான் போரின் முகங்களை எடுத்திருந்தேன். கொடி, தலைவர், முற்றுகை. வரிசையில் நின்றால் குண்டு, நிற்காவிட்டால் பட்டினி என்ற விதி என் கண்ணில் படவே இல்லை. அந்த ஒரு விதியை வைத்து ஒரு சின்ன நிலாவை உண்டாக்கியிருந்தால், வேறு எதுவும் தேவைப்பட்டிருக்காது. அந்தக் கதையை நான் எங்கும் அனுப்பவில்லை.

ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். ‘டிஸ்டிரிக்ட் 9’ பார்த்திருப்பீர்கள், 2009-இல் வந்தது. ஜொகன்னஸ்பர்க்கில் வந்து இறங்கிய வேற்றுக் கோளினரைக் குடிசைப் பகுதியில் அடைத்து வைத்து, பிறகு அங்கிருந்தும் காலி செய்கிறார்கள். கேப் டவுனில் டிஸ்டிரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966-இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, 60,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றிய வரலாற்றின் நிழல் அது. படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டை இடிக்கிற அந்தக் காட்சி, அரசு அலுவலகத்தில் நின்ற எவருக்கும் புரியும். இறால் மாதிரி இருக்கும் பிராணிகளுக்காக மனம் இரங்க வைத்த அதே படம், அங்கே பிழைக்க வந்த நைஜீரியர்களை ஆள் தின்னும் கும்பலாகக் காட்டிவிட்டது. நைஜீரிய அரசு திரையரங்குகளில் அதைக் காட்டாதீர்கள் என்று சொல்லும் அளவுக்குப் போனது. கற்பனை உயிருக்குக் கொடுத்த கண்ணியம் நிஜ மனிதருக்குக் கிடைக்கவில்லை. எல்லாக் கவனமும் உருவகத்தின் மேல் போய்விட்டால் பக்கத்தில் நிற்கிறவனைப் பழைய கார்ட்டூனாகவே வரைந்துவிடுவோம்.

நீலத் தோலுக்கு வருகிறேன். ‘அவதார்’ வந்த பிறகு நீலம் சொந்த நிறமாக இல்லாமல் போய்விட்டது. அந்தப் படம் ஒரு வேலை செய்தது, ஒப்புக்கொள்கிறேன். 2010 பிப்ரவரியில் பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் பிலின் கிராமத்துப் போராட்டக்காரர்கள் உடம்பில் நீலம் பூசிக்கொண்டு வேலியை நோக்கி நடந்தார்கள். ஒடிசாவில் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கத்தை எதிர்த்த டோங்கிரியா கோந்த் பழங்குடிகளையும் அந்தப் படத்தோடு சேர்த்துப் பேசினார்கள். ஆனால் நியாம்கிரியில் நடந்தது என்ன? 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அந்தப் படத்தில் வருகிற மாதிரி வெளியிலிருந்து வந்து பறவை மேல் ஏறிக் காப்பாற்றிய வீரன் ஒருவனும் அங்கே இல்லை. கிழவிகள் எழுந்து நின்று பேசினார்கள். நீலத் தோலை இரவல் வாங்கினால் அந்த வீரனும் கூடவே வந்துவிடுவான், பாருங்கள். இரவல் உருவகம் தன் கதையையும் சேர்த்துத்தான் இரவல் தரும்.

தமிழில் சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் ஒரு நல்ல காரியம் செய்தார். எதிர்கால இந்தியாவில் ஜீவா என்ற சர்வாதிகாரி, கடைசியில் பார்த்தால் அந்த ஆளே நிஜமில்லை, ஒரு பிம்பம். எந்தத் தலைவரைச் சொல்கிறார் என்று தேடினால் கதை சின்னதாகிவிடும். ஆளே இல்லாத இடத்தில் ஆட்சி நடக்க முடியும் என்பதுதான் அதிலிருக்கும் விதி. ஜீனோ என்ற நாய்க்குட்டிதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதுவும் நல்ல நாய்தான்.

இனி உங்கள் கதை. சுருக்குமடி என்ற பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. மீன் கூட்டத்தை வட்டமாக வளைத்து, அடிக்கயிற்றை இழுத்தால் பாட்டி இடுப்பிலிருக்கும் சுருக்குப்பை மாதிரி வாய் மூடிக்கொள்ளும். கூட்டம் மொத்தமாக உள்ளே. தமிழ்நாட்டில் 2000-இல் தடை வந்தது. சுனாமிக்குப் பிறகு பல ஊர்களில் பங்கு சேர்ந்து, நகையை வைத்து, இந்த வலையை வாங்கினார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை என்று நிபந்தனையோடு அனுமதித்தது. இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் பெரிய வலைக்காரனை இயந்திரம் ஆக்கியிருக்கிறீர்கள். முதல் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது, மிச்சப் பக்கம் எதற்கு? நிஜத்தில் அவன் யார்? பங்குப் பணத்துக்காக மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்தவன். வலை கரையில் காயும் ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது. அதனால் மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் போயாக வேண்டும். சின்ன வலைக்காரனுக்கோ கூட்டம் தன் பக்கம் வருவதற்கு முன்பே வளைக்கப்பட்டுவிடுகிறது. இரண்டு பேரும் ஒரே கோயிலுக்கு வரி கொடுக்கிறவர்கள். விதி எங்கே இருக்கிறது? என் கண்ணில் படுவது இது: கருவியை வாங்கியவனைக் கருவி சும்மா இருக்க விடாது.

அதை ஒரு கோளின் இயற்கையாக்குங்கள். உதாரணத்துக்கு, பட்டினி போட்டால் சொந்தக்காரனையே தின்னத் தொடங்கும் உயிருள்ள வலை ஒன்று. அதை வாங்கியவன் கெட்டவனில்லை, வீட்டில் தூங்கும் பிள்ளைகளுக்கும் வலைக்கும் நடுவில் படுத்திருக்கிறான். இது என் யோசனை, இதையே எழுதாதீர்கள், உங்களுக்கு இதைவிட நல்லது தோன்றும். இரண்டு பக்கமும் ஒரே உடம்பு கொண்டவர்களாக இருக்கட்டும். முடிந்தால் ஒரே முகச்சாயல்.

யார் கண்ணால் சொல்வது என்பது அடுத்தது. புதுச்சேரியில் இருப்பதால் எனக்கு ஆனந்தரங்கப் பிள்ளை நினைவு வருகிறது. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குத் துபாஷி, அதாவது இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்துப் பேசி முடிக்கும் இடையாள், 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர், இந்த ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்த அதே 1761 ஜனவரியில் இறந்துபோனார். கோட்டைக்குள் என்ன பேசினார்கள், கடைத்தெருவில் என்ன விலை, யார் யாருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்தார்கள், எல்லாம் அந்தக் குறிப்பில் உண்டு. வந்தவனுக்கும் இருந்தவனுக்கும் நடுவில் நின்று இரண்டு பேச்சையும் கேட்டவர். அவர் யோக்கியர் என்று சொல்லவில்லை, அவருக்கும் கணக்கு இருந்தது. அந்தக் கணக்குதான் அவரை நல்ல சாட்சி ஆக்குகிறது. படையெடுப்புக் கதைகளில் வேற்றுக் கோள்காரன் வருகிறான், வீரன் வருகிறான், துபாஷி வருவதே இல்லை.

உங்கள் கரையில் துபாஷி யார்? ஏலத்தில் கூடையோடு நிற்கும் பெண்கள். அவர்கள் பெரிய வலை மீனையும் எடுக்கிறார்கள், சின்ன வலை மீனையும் எடுக்கிறார்கள், ஒரே கூடையில் போட்டுத் திருப்பாதிரிப்புலியூர் வரை கொண்டுபோய் விற்கிறார்கள். கூடைக்குள் போன பிறகு எந்த மீன் எந்த வலை என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கூடைக்காரியைக் கோளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசிக் கேள்வி, ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்களா? கண்டுபிடித்துவிடுவார்கள், இரண்டாவது பத்தியிலேயே. அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள். பார்க்க வேண்டியது, அவர்கள் எதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை. உங்கள் அம்மா மீன் விற்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கதையை முடித்ததும் முதலில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். “இது நம்ம மேலத்தெரு அவன்தானே?” என்று அவர் கேட்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு; அங்கே நீங்கள் விதியை விட்டுவிட்டு முகத்தை எடுத்திருக்கிறீர்கள், மாற்றி எழுத வேண்டும். “அப்புறம் அந்த வட்டிக்கு என்ன பண்ணான்?” என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் கையை வைக்காதீர்கள்.